வினிதாவின் கல்யாணப் பத்திரிகை

என்னங்க,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. ரசத்தைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் போனை எடுத்துக்கொண்டு தாம்பரம் ரிப்பேர் கடைக்குப் போகிறேன்.

நேற்று குடியிருப்போர் சங்கத்தில் மைக்கைப் பிடித்து, தெரியாத ஆப்பைத் தொடாதீர்கள் என்று வகுப்பு எடுத்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையை நீங்களே அமுக்கினீர்கள். அது பத்திரிகை இல்லை, வைரஸ். ‘எங்கள் வீட்டுக் கல்யாணம், அவசியம் வாருங்கள்’ என்று இப்போது உங்கள் பெயரிலேயே சங்கத்து குரூப்புக்குப் போயிருக்கிறது.

பாதித் தெருவின் போன் படுத்துவிட்டது. அதற்காக ஒருவருக்கும் கோபம் இல்லை. நம் பெண் கல்யாணத்துக்கு வாட்ஸப்பிலேயே கூப்பிட்டுவிட்டோமாம், அதுதான் கோபம். சாயங்காலம் கேட்க வருவார்கள். காபி போட்டுக் கொடுத்து, இன்னும் பார்க்கவே ஆரம்பிக்காத மாப்பிள்ளை யார் என்று நீங்களே சொல்லுங்கள். வினிதா ரூமைவிட்டு வரமாட்டாள்.

சுபத்ரா

பி.கு: எதிர்வீட்டு பொன்னியம்மாள் போன் மட்டும் நன்றாக இருக்கிறது. “வூட்டாண்ட வந்து வெத்தல பாக்கு வெச்சு கூப்புடல. அத்த நான் இன்னாத்துக்குத் தொறக்கணும்?” என்கிறார். அடுத்த கூட்டத்தில் அவரையே பேசச் சொல்லுங்கள். தாம்பாளத்தோடு நேரில் போய்க் கூப்பிடுங்கள்.