வெளியே தொங்கும் பூட்டு

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும் இரண்டாம் அங்கம் ஒத்திகை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்துத் தொலைத்த அதே பழைய நாடகம்தான். ஆலை முதலாளியின் மகளாக வருகிற எனக்கு வேலை ரொம்ப லேசு. சோபாவில் உட்கார்ந்து பத்திரிகை புரட்ட வேண்டும். பக்கத்து அறையில் பூட்டி வைத்திருக்கும் தொழிலாளிப் பெண் கதவைத் தட்டுவாள். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டு மறுபடியும் புரட்ட வேண்டும். மூன்றாம் அங்கத்தில்தான் எனக்கு மனசாட்சி விழித்துக்கொண்டு கதவைத் திறப்பேன்.

"உனக்கு நடிப்பே வேண்டாம். வீட்ல இருக்கிற மாதிரி இருந்தா போதும்" என்றார் டைரக்டர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அப்பாவின் சட்டைத் தொழிற்சாலையைத் தெரியாதவர்கள் யார்?

கதவில் நிஜப் பூட்டு தொங்கினால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னார். தொழிற்சாலையில் பெரிய இரும்புப் பூட்டு ஒன்று உண்டே என்று அப்பாவிடம் கேட்டேன். "அது தினமும் வேணும்மா" என்றார். சரி, அட்டைப் பூட்டுக்கு வர்ணம் அடித்துக்கொள்கிறோம்.

ஜூன் 6, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

தட்டுகிற வேஷம் சுருட்டைக்கு. முடியை வைத்து வந்த பெயர். வசனம் கிடையாது. இன்று அவள் முதலில் மெதுவாகத் தட்டினாள், பிறகு இரண்டு கையாலும், பிறகு காலால் உதைத்தாள். டைரக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அடேயப்பா, இன்றைக்கு வெளுத்து வாங்குகிறாளே என்று நினைத்தபடி ரேடியோவைக் கூட்டினேன். அங்கம் முடிகிறவரை பத்திரிகை புரட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது, ஈர பெயின்டில் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இருப்பது மூன்று பக்கமும் தட்டி அடைத்த சின்ன இடம். மேடைக்குப் புகை விடுகிற மெஷின் அதற்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. தச்சர் உளியால் நெம்பித் திறந்தபோது சுருட்டை தரையில் குறுகிக் கிடந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"கூப்பிட்டிருக்கலாமே!" என்றேன். கேட்க வெட்கமாக இல்லையா எனக்கு?

"கத்தினேனே. நீங்கதான் ரேடியோ வச்சுட்டீங்க" என்றாள்.

ஜூன் 7, சனி

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் இருமிக்கொண்டே என்னைத் தேற்றுகிறாள்! "விடுங்க, எனக்குப் பழக்கம்தான். வேலை செய்ற இடத்துலயும் வெளியே பூட்டிருவாங்க. காலைல உள்ள போனா, சாப்பாட்டு நேரத்துலதான் திறப்பாங்க."

"எந்த இடம்?"

என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நிஜமாவே தெரியாதா? உங்க அப்பாகிட்டதான். இஸ்திரிப் பிரிவு."

அது தினமும் வேணும்மா. இதற்குத்தானா அப்பா?

ஜூன் 9, திங்கள்

காலைச் சாப்பாட்டில் கேட்டேவிட்டேன்.

"சட்டை சட்டையா காணாமப் போகுது. அங்க இருக்கிறது ஒரே கதவு. பூட்டாம என்ன பண்ணச் சொல்ற?"

"உள்ள தீப்பிடிச்சா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். "சாப்பிடற மனுஷனை எழுப்பிட்டியே" என்று அம்மாவும் என்னையே பிடித்துக்கொண்டாள்.

டைரக்டரிடம் சொன்னால் அவர் அதற்கு மேல். "உங்க அப்பா தயவுலதான் இந்த ஹாலே கிடைச்சுது. நாடகம் முடியற வரைக்கும் வாயை மூடிட்டு இரும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மூடிக்கொண்டேன். சீ.

ஜூன் 11, புதன்

கதவைத் திறக்கிற காட்சியில் எனக்கு வசனம் வரவில்லை. மறந்துபோகவில்லை. வரவில்லை.

ஜூன் 14, சனி

நாடகம் நன்றாகவே நடந்தது. அட்டைப் பூட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தேன், சுருட்டை வெளியே வந்தாள், ஹாலே எழுந்து நின்றது. முதல் வரிசையில் அப்பா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொய் அழுகை இல்லை, எனக்குத் தெரியும்.

காரில் வரும்போது கேட்டேன். "அந்தக் கதவு திறந்ததுக்கு அழுதீங்களே அப்பா. நம்ம கதவு?"

"அது நாடகம்மா."

நான் என்ன செய்யப் போகிறேன்? கைதட்டல் வாங்கிக்கொண்டு படுத்துத் தூங்கப் போகிறேனா?

ஜூன் 16, திங்கள்

இஸ்திரிப் பிரிவுக்குள் போய் சுருட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சூப்பர்வைசருக்கு வெலவெலத்துவிட்டது. அப்பாவுக்கு போன் போட்டார். "சார், உங்க பொண்ணு உள்ள உட்கார்ந்திருக்காங்க... எழுந்திருக்க மாட்டேங்கறாங்க... பூட்டவா?"

எல்லா இஸ்திரிப் பெட்டிகளும் அப்படியே நின்றன. போனைக் காதிலிருந்து எடுத்த சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே போனார். பூட்டு விழுந்தது.

அப்பா பூட்டச் சொல்லிவிட்டார். நான் உள்ளே இருக்கேன்னு தெரிஞ்சும்!

நீராவி, புழுக்கம். எழுந்து போய்த் தட்ட வேண்டும் போல் கை பரபரத்தது. மற்றவர்கள் தட்டாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள், நானும் தட்டவில்லை. சாப்பாட்டு மணிக்கு ரொம்ப முன்னாலேயே கதவு திறந்தது. அப்பாவே திறந்தார். உள்ளே இருந்த என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

"வீட்டுக்குப் போ."

"நாளைக்கும் வருவேன்பா."

ஜூன் 17, செவ்வாய்

போனேன். பூட்டவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றும் பூட்டவில்லை. ஆனால் பூட்டு வெளியே கொண்டியில்தான் தொங்குகிறது. நான் வராத நாளில்?

சுருட்டை கிண்டல் செய்கிறாள். "அப்ப ஆயுசு முழுக்க இங்கேயே இருந்துருங்க. இந்தாங்க, இந்தக் காலரைத் தேயுங்க." தேய்த்தேன். காலரும் தீய்ந்தது, விரலும் வெந்தது. தலை வேறு கனக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

காய்ச்சல். எழுந்தால் சுற்றுகிறது. அம்மா செருப்பை ஒளித்து வைத்துவிட்டாள். காலை முழுக்க அந்தக் கதவே கண்ணுக்குள் நின்றது. இப்போது பூட்டியிருப்பார்கள், இப்போது பூட்டியிருப்பார்கள் என்று புரண்டேன்.

மத்தியானம் சுருட்டை போன் செய்தாள். "நீங்க வரலைன்னதும் சூப்பர்வைசர் பூட்டைக் கையில எடுத்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, நாங்க யாரும் உள்ள போகலை. வாசல்லயே நின்னோம்."

"யார் சொல்லி?"

"யாராவது சொல்லணுமா?" என்றாள். கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். நல்லா வேணும் எனக்கு. "உங்க அப்பா வந்து ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் சூப்பர்வைசர் கையிலேர்ந்து பூட்டை வாங்கிட்டுப் போயிட்டாரு. இப்ப உள்ளதான் இருக்கோம். நல்லா காத்து வருது."

சாயங்காலம் அப்பா என் அறைக்கு வந்தார். பையிலிருந்து அந்த இரும்புப் பூட்டை எடுத்து மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மேஜையே அதிர்ந்தது.

"நாடகத்துக்கு வேணும்னு கேட்டியே. வச்சுக்கோ."

நாடகம்தான் முடிந்துவிட்டதே என்று நான் சொல்லவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், மாத்திரை போட்டாயா என்று கேட்டார். எழுந்து போகும்போது, வழக்கமாகச் சாத்திவிட்டுப் போகிறவர், என் அறைக்கதவைச் சாத்தாமல் போனார்.