ஆட்டத்தை நிறுத்திய காரணம்

மஸ்கட்
12.11.1990

அன்பின் அற்புதம்,

நான் சுகம். நீரும் அம்மாவும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். அம்மாவின் முட்டுவருத்தம் எப்படி? இரவில் இன்னும் மூச்சு இழுக்கிறதா?

நேற்று என் முதல் சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி. மத்தியஸ்தராக ஓடிக்கொண்டிருக்கையில் மைதானத்துக்கு மேலே ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்தது. நான் விசிலை ஊதி, "எல்லாரும் நிலத்திலை படுங்கோ!" என்று தமிழில் கத்தியபடி புல்லில் குப்புற விழுந்துவிட்டேன். தலையைத் தூக்கினால் இருபத்திரண்டு பேரும் நின்று என்னைப் பார்க்கிறார்கள். வந்தது பரிசு கொடுக்கிற விருந்தாளியாம். லைன்ஸ்மன் இன்னும் சிரிக்கிறார்.

அறிக்கையில் ஆட்டத்தை நிறுத்திய காரணத்தை எழுதவேண்டும். "பழக்கம்" என்று எழுதிக் கொடுத்தேன். இனி என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது. நீர் அதை யோசிக்க வேண்டாம்.

நான் கொழும்பு திரும்பிய பின் அங்கே யாராவது வந்தால் என் அறைக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். உமது கையெழுத்தில் இரண்டு வரியும் வையும். நாங்கள் பதுங்க வெட்டிய பங்கருக்கு மேலே அடுக்கிய மண்மூட்டைகள் மழையில் இறங்கியிருக்கும், தம்பியைக் கொண்டு சரிசெய்வியும்.

விமான நிலையத்துக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. உங்கே ஹெலிச் சத்தம் கேட்டால், அடுப்பை அணைக்க நிற்காமல் அம்மாவோடு உள்ளே இறங்கும். விசில் ஊத நான் அங்கே இல்லை.

உமது
பொனிப்பாஸ்