அலமாரியில் இருந்த கையுறை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பேத்தியைக் கொஞ்சியது போதும், கொஞ்சம் என்னையும் நினை. மகள் பிரசவத்துக்கு நீ போன மாதம் உன் வண்ணமீன் கடையில் தொட்டி கழுவினேனே, அப்போது கண்ணாடி விளிம்பு கீறிய நடுவிரல் இன்னும் ஆறவில்லை. சிவந்து, முண்டு முண்டாக மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. பள்ளிச் சீருடைத் துணி வெட்டாமல் குவிந்து கிடக்கிறது. வீட்டுக்காரி திட்டுகிறாள், உன்னையும் சேர்த்துத்தான்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

தையல்காரன் விரலில் புண் இல்லாவிட்டால்தான் அதிசயம். ஊசி குத்தியிருக்கும். வெந்நீரில் வை. தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கண்டதையும் நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர், "மீன் கீன் வளக்கிறீங்களா?" என்று கேட்டார். "எங்க அக்கா பன்னெண்டு வருஷமா அந்தத் தண்ணியிலதான் கை வைக்கிறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மூட்டு வீக்கம் என்று ஊசி போட்டார். இரண்டு நாள் சுகம். இப்போது புண் உடைந்து சீழ் கொட்டுகிறது. பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி

ஏப்ரல் 24

என் தம்பி,

படித்த கையோடு டாக்டரிடம் ஓடு. தொட்டித் தண்ணீரில் ஒரு கிருமி உண்டு. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை. போன வருஷம் என் கையிலும் வந்தது. ஐந்து மாதம் மாத்திரை தின்றேன். கையுறை இல்லாமல் தொட்டியில் கை வைக்காதே என்றார்கள். சொன்னால் நீ கடையைப் பார்த்துக்கொள்ள வரமாட்டாய், மகளிடம் போக முடியாது என்று மறைத்தேன். உன் முதல் கடிதம் வந்தபோது, வெளியே தெரிந்தால் கடை படுத்துவிடும் என்று மறுபடி மறைத்தேன். பாவி நான். ஒரு வரியாவது எழுது.

அக்கா

ஜூன் 2

அண்ணி,

உங்கள் தம்பிக்காக அவர் மனைவி நான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று அவர் ஆபரேஷனில் இருந்தார். எலும்பு வரை போய்விட்டதாம். நடுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துவிட்டார்கள். தையல் மெஷின் மூடிக் கிடக்கிறது.

உங்களுக்கு என்ன எழுத என்று கேட்டேன். "கடை அலமாரியில புதுக் கையுறை இருந்துச்சு. அக்கா சாமானைக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு வச்சிட்டு வந்துட்டேன். அதை மட்டும் எழுது" என்றார்.

'உன் தம்பி' என்று கையெழுத்துப் போடச் சொல்லி இடதுகையில் பேனாவைக் கொடுத்தேன். "யாருக்குத் தம்பி?" என்று கேட்டார்.