அறுத்தெடுத்த இரண்டு தட்டுகள்

அண்ணே,

உன் பதினாறாம் நாளுக்கு இலஞ்சிக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு கை கழுவப் பின்வாசலுக்குப் போனேன். குழாயடியில் மதினி ஒரு கற்றாழைத் தொட்டி வைத்திருக்கிறாள். தொட்டி தரையில் படாமலிருக்க அடியில் ஒரு இரும்புத் தட்டு. தொட்டியை நகர்த்திப் பார்த்தேன். தட்டின் நடுவில் ஓட்டை, ஓட்டையின் விளிம்பில் ரம்பம் இழுத்த தடம். துருவேறியும் அந்தத் தடம் போகவில்லை.

"இது என்ன மதினி?" என்று தெரியாதது போலக் கேட்டேன்.

"யாரு கண்டா. உங்க அண்ணன் தூரப் போடவே விடமாட்டாவ. இன்னொண்ணு அந்த மூலையில கெடக்கு பாருங்க" என்றாள்.

அவள் நம் வீட்டுக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகுதானே. நீ அவளிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

எண்பதுகளின் நடுவில் அந்தச் சின்னக் காரை நீ வாங்கியபோது நம் தெருவில் வேறு கார் கிடையாது. செங்கோட்டை ரோட்டில் உன் மரக்கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்காக நான் சிவகாசியிலிருந்து தாய்வீடு வந்திருந்தேன். வளைகாப்பு முடிந்து என்னைக் கூட்டி வந்ததே அந்தக் காரில்தான். வழியெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்றேன். நீ கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினாய். வீட்டில் இறங்கியதும், "இந்த ஸ்பிரிங் ஆவாதுட்டி. நீ ஆஸ்பத்திரிக்குப் போகையில தொட்டில்ல போற மாதிரி இருக்கணும்" என்றாய்.

அதை நான் மறக்கவில்லை. எனக்காகத்தான் ஆரம்பித்தாய். அதனால்தான் இன்றுவரை உன்னை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

கடையநல்லூரில் உன் சிநேகிதர் ஒருவர் வளைகுடாவிலிருந்து வந்தபோது ஒரு ஜோடி ஸ்பிரிங்கும், படம் போட்ட ஒரு புத்தகமும் கொண்டு வந்து கொடுத்தார். அதைப் போட்டால் கார் குலுங்காதாம், ஆனால் நம் கார் ஸ்பிரிங்கைவிட அது ஒடுக்கமானது. குலுக்கலைத் தாங்கும் முன்சக்கர ஷாக்கில் பற்றவைத்திருக்கும் தட்டில் அது உட்காராது. தட்டை அறுத்தெடுத்துவிட்டு, ஷாக்கின் உடம்பில் மரை போட்ட குழாய் ஒன்றைச் செருக வேண்டும். அந்த மரையில் ஒரு வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் ஏறும், இறங்கும். வேண்டிய உயரத்துக்குக் காரை வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தை என் மடியில் விரித்து வைத்து நீ இதையெல்லாம் சொன்னாய். உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை பின்னால் நடந்த உன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

மரக்கடையிலிருந்து தேக்குக் கட்டைகளைக் கொண்டு வந்து காரின் முன்பக்கத்தை அதன்மேல் தூக்கி வைத்தாய். சக்கரங்களைக் கழற்றினாய். ஷாக்குகளை வெளியே எடுத்தாய். மரை போட்ட குழாய்க்குத் தென்காசியில் ஒரு பட்டறையில் சொல்லியிருந்தாய். நான் படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழாய் வரட்டுமே அண்ணே. போட்டுப் பாத்துட்டு அறுத்தா என்ன?"

"அளவு குடுத்திருக்கேன்லாட்டி."

"அப்பம் ஒண்ண மட்டும் அறு. சரியா வந்தா அடுத்தத அறு."

"ரெண்டும் ஒரே கையில அறுத்தாத்தான் ஒரே மட்டமா இருக்கும். என்ன செய்யுதேன்னு எனக்குத் தெரியாதா? நீ பிள்ளையப் பெறுத வேலையப் பாரு."

இரண்டையும் அறுத்தாய்.

தென்காசிப் பட்டறையிலிருந்து குழாய் வந்தது. செருகிப் பார்த்தால் இறங்கவில்லை. மயிரிழைதான் பிடித்தது, ஆனால் இறங்கவில்லை. திருப்பிக் கொண்டுபோனபோது, பட்டறைக்காரர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். பட்டறை பூட்டிக் கிடந்தது. "பழைய தட்டையே திருப்பிப் பத்தவச்சு வண்டிய இறக்குலே. பிள்ளத்தாச்சி இருக்குத வீடு" என்று அம்மா உன் பின்னாலேயே நடந்து கெஞ்சினாள். அறுத்த இடத்தில் மறுபடி பற்றவைத்தால் பலம் இருக்காது என்றாய். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாய். கார் முன்கால் இல்லாத மாடு மாதிரிக் கட்டைமேல் கிடந்தது.

குழந்தைக்கு நீ சொன்ன நாள் தெரியவில்லை.

நல்ல சாரல் நேரம். காலையில் வலி கண்டதும் அம்மாவும் நானும் பஸ் ஏறித் தென்காசிக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்றார். தகவல் கிடைத்து நீ சைக்கிளில் வந்தாய், முழங்கை வரை கிரீஸ். டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினாய். அருவியில் குளிக்க வந்த சீசன் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு எல்லா வண்டியும் ஐந்தருவிக்குப் போயிருந்தது. ஒரு வண்டி திரும்பி வரும்வரை ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் அம்மா மடியில் நான் கிடந்தேன். எல்லோரும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டே தெருவில் போனார்கள்.

பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை.

"கார் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். விதி" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாய். என் காதுபடச் சொன்னாய். இருந்திருக்கலாம், அண்ணே. டாக்டர்கள்கூட உறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான். நீ இல்லை.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று செய்தாய். பட்டறைக்காரர் வந்ததும் வேலையை முடித்தாய். எனக்குப் பால் கட்டி நெஞ்சு கனத்துக் கிடந்த நாட்களில் நீ வாசலில் ஸ்பேனரோடு இருந்தாய். ஒருநாள் உள்ளே வந்து, "ஏறிப் பாரேன். குலுங்கவே செய்யாது" என்றாய். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். சிவகாசிக்கு பஸ்ஸில்தான் போனேன்.

கடைசியில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். அவளுக்குப் பிறகு பிறந்த என் மகன் தன் காரை ஓட்டினான். அதே ரோடு. நீ என் தோளில் சாய்ந்திருந்தாய், எலும்பும் தோலுமாக. ஆலங்குளம் தாண்டும்போது என் கையைப் பிடித்தாய். இத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தை வரப்போகிறது என்று உன் வாயருகே காதைக் கொண்டுபோனேன்.

"முன்ஷாக் போயிருக்குட்டி. மாத்தச் சொல்லு" என்றாய்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

மகன் ஷாக்கை மாற்றிவிட்டான். புது ரோடும் போட்டுவிட்டார்கள். தட்டுகளை நான் எடுத்து வரவில்லை, கற்றாழைக்கு அடியிலேயே இருக்கட்டும். நீ தூரப் போட விடாமல் அவற்றை ஏன் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை உன் வாயால்தான் நான் கேட்டிருக்க வேண்டும். இப்போதும் எந்த வண்டியில் போனாலும், குழி ஒன்று வந்தால், என் கை தானாகவே வயிற்றுக்குப் போய்விடுகிறது.