பம்புக்கு இடது பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பயப்படாதே. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன். பிழையிருந்தால் உன் டீச்சர் புத்தியைக் காட்டாதே.

நம் பம்படியை முனிசிபாலிட்டிக்காரர்கள் புதுப்பித்துவிட்டார்கள். கல் பதித்து, விளக்குப் போட்டு, பெஞ்சு போட்டு, பளபளவென்று இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன், மழை பெய்தால் இப்போது சேறு இல்லை. முதலில் அந்த அடிபம்பைப் பிடுங்கி எறிவதாகத்தான் இருந்தார்கள். நான்தான் கூட்டத்தில் எழுந்து, “எங்கப்பா காலத்துப் பம்புங்க, அதுல கை வைக்காதீங்க” என்று கத்தினேன். சட்டைக்குக் காஜா எடுக்கிற டெய்லர் பேச்சுக்குத் தெருவே கை தட்டியது. ஆபீசரும் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து என் பெயர் பம்புத் தலைவர்.

பம்பைக் காப்பாற்றினார்கள். பச்சைப் பெயின்ட் அடித்து, மேடை கட்டி, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று எதிர்க்கோடியில் கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். சட்டைப் பையைக் கிழியாமல் பிரித்து முதுகில் தைத்த மாதிரி. தண்ணீர் வராது, படம் எடுத்துக்கொள்ளலாம்.

உன் அம்மாவுக்குக் கொஞ்ச காலமாகவே மறதி. உன்னிடம் சொல்லவில்லை. அடுப்பில் வைத்ததை மறப்பாள், கிழமையை மறப்பாள். ஆனால் சாயந்தரம் காலாற நடந்துவிட்டு, பம்புக்கு இடது பக்கம் திரும்பி வீட்டுக்கு வருவதை மட்டும் அவள் கால் மறக்கவில்லை. போன வாரமும் பம்புக்கு இடது பக்கம்தான் திரும்பியிருக்கிறாள்.

தேடி அலைந்து, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கண்டுபிடித்தேன். அந்த வீட்டுப் பெண்ணையே “என் வீட்ல உனக்கு என்னம்மா வேலை?” என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தங்கமானவள், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். நான் கூப்பிட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வீட்டுக்காரர் இல்லாதப்ப வராதீங்க டெய்லர். பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரம்” என்றாள்.

டெய்லராகவே பேசி, அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி அழைத்து வந்தேன். வழியெல்லாம் தள்ளியே நடந்தாள்.

பம்பைப் பழைய இடத்தில் வைக்கச் சொல்லி ஆபீசரிடம் போனேன். “நீங்கதானே ஐயா காப்பாத்தச் சொன்னீங்க? சிமென்ட் போட்டு இறுக்கியாச்சே” என்றார். நியாயம்தான். கூட நடந்தால் அவளுக்குக் கோபம் வருகிறது. அதனால் சாயந்தரம் பம்பு பக்கத்தில் நின்று, அவள் கேட்காமலே வழி சொல்கிறேன். படம் எடுக்கிறவர்கள், “பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்கிறார்கள். எனக்கும் ஒரு கோட்டிங் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள்.

லீவு கிடைத்தால் வாம்மா. வரும்போது, சிரிக்காதே, ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு வா. தினமும் வாசலில் நின்று அப்படி ஒருத்தியைத்தான் தேடுகிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் முகம் ஒருவருக்கு மறக்காமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

உன் அப்பா