எழுதாமல் விட்ட மாத்திரை

இன்று காலை பாலோ ஊரிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒருவரின் மகள், அப்பாவின் மருந்துகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தாள். திறந்தால், மேலாக நீ சாப்பிட்ட அதே மாத்திரை. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர். பெயரைப் படித்து முடிக்குமுன் உன் குரல் கேட்டுவிட்டது.

நீயும் நானும் குளுவாங் மருத்துவமனையில் ஒரே வார்டில் தாதியராக இருந்தோம். அடுத்தவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நீ, பித்தப்பை அறுவைக்காக நம் வார்டிலேயே வந்து படுத்தாய். சேர்க்கைப் படிவம் எழுதியது நான்தான்.

அறுவைக்கு மறுநாள் உன் நாடி நூற்று முப்பதைத் தொட்டது.

"வலிதான்டி, ஊசி போடுறேன், கொஞ்சம் பொறு" என்றேன்.

மணிக்கட்டில் விரலை வைத்து நீயே எண்ணிக்கொண்டிருந்தாய். "வலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? என்னோட இதய மாத்திரை ரெண்டு நாளா வரல லா. என் சார்ட்டை எடுத்துப் பாரு."

எடுத்தேன். வீட்டில் சாப்பிடும் மருந்துகளுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததா, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பல வருடம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் தலைதெறிக்க ஓடும் என்பது நாம் படித்த பாடம்தான். உடனே டாக்டரை அழைத்தேன்.

டாக்டர் ஓடிவந்தார். இரத்தக் கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகே பழைய அளவில் மாத்திரையைத் தொடரச் சொன்னார். சாயங்காலம் நாடி எண்பத்தாறு.

"என் தப்பு. ரிப்போர்ட் எழுதப்போறேன்" என்று அழுதேன்.

"எழுது. அழுதுக்கிட்டே எழுதாத, கையெழுத்து புரியாது" என்றாய்.

எழுதினேன். அதன்பிறகுதான் நம் வார்டில் "வீட்டில் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்வியை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்கும் வழக்கம் வந்தது. நீ வேலைக்குத் திரும்பி, ஆறு வருடம் அதே கேள்வியைக் கேட்டாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது டிங்கிக் காய்ச்சல். உன் இதயம் அதுவரை ஒழுங்காகத்தான் ஓடியது.

இப்போது வார்டு என் பொறுப்பில். நாடியையும் அழுத்தத்தையும் பார்க்காமல் அந்த மாத்திரையை யாருக்கும் கொடுப்பதில்லை. நாடி குறைந்திருந்தால் நிறுத்திவைத்து டாக்டரை அழைக்கிறேன். தெரிந்தவர்கள் வந்தால் மட்டும் இரண்டு மடங்கு கேட்கிறேன்.

போன மாதம் என் தங்கை அறுவைக்கு வந்தாள். "என்ன மருந்து சாப்பிடுறே?" என்றதும் சிரித்தாள். "உனக்குத் தெரியாததாக்கா?"

"தெரியாதுன்னே வச்சுக்க" என்றேன். "ஒவ்வொண்ணா சொல்லு, எழுதுறேன்."