சம்பந்தியோடு ஓர் இறுதி ஆட்டம்

மார்ச் 4
நான் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் வகுப்பில் இன்று ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார். நான் திட்டவே இல்லை. நேற்று அரையிறுதியில் ஜெயித்த குஷி இன்னும் இறங்கவில்லை. புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸில் இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் ஏழாவது கோப்பை! அலமாரியில் இடமில்லாததால் கணவரின் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பாவம், அவருக்குப் பழகிவிட்டது.

மார்ச் 6
மகள் விரும்பும் பையன் வீட்டுக்குக் கல்யாணம் பேசப் போனோம். கதவைத் திறந்த பையனின் அம்மா யார் தெரியுமா? அளவுக்காரி. சனிக்கிழமை ஃபைனலில் எனக்கு எதிராக ஆடப்போகிறவர். எதற்கெடுத்தாலும் டேப்பை நீட்டி அளப்பார் என்று கிளப்பில் வைத்த பெயர். பிள்ளைகள் இருவருக்கும் முன்பே தெரியுமாம். சொல்லத்தான் தைரியமில்லையாம். நல்ல பிள்ளைகள்.

மார்ச் 7
மகள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மா, சனிக்கிழமை நீ தோத்துடேன். அவங்க தோத்தா கோவத்துல கல்யாணமே வேணாம்னுடுவாங்க."
கேட்கிற கேள்வியா இது? முடியாதுன்னு கத்தினேன். அழுதாள். அவள் அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. சரி என்றேன்.
சரின்னா சொன்னேன்? எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 8
மோசமாக உருட்டிப் பழகினேன். பாழாய்ப்போன கை, இலக்கான வெள்ளைப் பந்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

மார்ச் 9
எங்கள் பந்தில் ஒரு பக்கம் கனம். அந்தப் பக்கமாகத்தான் வளையும். மாற்றிப் பிடித்தால் வெள்ளைப் பந்தை விட்டுவிட்டுப் பக்கத்துத் தடத்துக்கு ஓடிவிடும். நேற்றுச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. இன்று ஃபைனலில் முதல் பந்திலேயே நான் அதை வேண்டுமென்றே செய்தேன். கூட்டம் சிரித்தது. மகளுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.
அடுத்து அளவுக்காரி உருட்டினார். அதுவும் அதே திசையில் ஓடி, என் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.
அவராவது, மாற்றிப் பிடிப்பதாவது!
அருகில் போய் மெதுவாகக் கேட்டேன். "உங்க பையனும் சொன்னானா?"
"அழுதான். நீங்க தோத்தா சம்பந்தமே வேணாம்னுடுவீங்களாம்."
"நானா?" என்றேன். யோசித்தால், சொல்லக்கூடியவள்தான்.
"நிஜமாவே ஆடுவோமா, சம்பந்தி?" என்றார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.
ஆடினோம். அப்படி ஓர் ஆட்டத்தை நான் ஆடியதே இல்லை. புள்ளிகள் இருபதுக்கு இருபது. கடைசிப் பந்தில் நடுவர் அளந்தார். விரல் அகல வித்தியாசத்தில் அவர் ஜெயித்துவிட்டார். வயிறு எரிந்தது. சிரிப்பும் அடங்கவில்லை.

மார்ச் 10
மகள் கட்டிக்கொண்டாள். "எனக்காகத் தோத்தியேம்மா."
நிஜமாகவே தோற்றேன் என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. கணவரும் நம்பவில்லை. "எவ்ளோ பெரிய மனசு உனக்கு" என்கிறார். தோற்றதைவிட இதுதான் தாங்கவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் சம்பந்தி. போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏப்ரல் 2
பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஜூன் 15 என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். நானும் சம்பந்தியும் ஒருவரையொருவர் பார்த்தோம். அன்று இரட்டையர் போட்டி ஆரம்பம். சேர்ந்து பெயர் கொடுத்திருக்கிறோம்.
"ஒரு வாரம் தள்ளி வெச்சா என்ன?" என்றார் சம்பந்தி.
"ரெண்டு வாரம்," என்றேன். "ஃபைனல் இருக்கே."